கிளட்ச் இல்லாமல் இரண்டாயிரத்து நானூற்றுப் பதினாறு

கியர் மாற்றக் கிளட்ச் பிடித்தே ஆக வேண்டும் என்று சொல்பவர்கள் என்னைச் சுற்றி மொத்தம் ஐந்து பேர். என் மகன், வண்டி பார்க்கும் மெக்கானிக், காலையில் பால் ஊற்ற வருகிற இரண்டு பேர், அப்புறம் என் சம்பந்தி. சம்பந்திக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது, அவரும் சொல்கிறார். வேண்டாம் என்று சொல்பவன் நான் ஒருவன். தலையை எண்ணினால் தோற்றுவிட்டேன். ஆனால் இது கை தூக்கி முடிவு செய்கிற விஷயம் இல்லை. யார் பக்கம் கூட்டம் அதிகம் என்று பல் சக்கரம் பார்ப்பதில்லை.

வண்டி என்று நான் சொல்வது ஒரு நாலு சக்கர பைக். கடற்கரை விடுதிகளில் வெளியூர்க்காரர்கள் மணலில் ஓட்டிப் பார்த்துக் கத்துவார்களே, அது. ஏ.டி.வி. என்று அதன் காகிதத்தில் இருக்கிறது. எங்கள் ஊரில் அதற்குத் தவளை என்று பெயர். ஒரு விடுதியை மூடியபோது அங்கிருந்ததை என் மகன் வாங்கி வந்தான். கூடவே இரண்டு சாவி. ஒன்று வாசல் ஆணியில் தொங்கியது. இன்னொன்றை என் மனைவி பீரோவில் வளையல் டப்பாவுக்குள் போட்டு வைத்தாள்.

அது எனக்காக வந்த வண்டி. எங்கள் கழனி இரண்டு காணி, பன்னிரண்டு குழி. வீட்டிலிருந்து மோட்டார் கொட்டகைக்குக் காலால் எட்டு வைத்து எண்ணினால் மூவாயிரத்து நூற்றுப் பத்து. தெரு முடிந்ததும் தார் ரோட்டைக் குறுக்கே தாண்ட வேண்டும், அது பதினான்கு எட்டு. எங்கள் தெரு பாண்டிச்சேரி, அந்தப் பதினான்கில் பாதி தமிழ்நாடு, அந்தப் பக்கம் மறுபடியும் பாண்டிச்சேரி. எங்கள் பக்கத்தில் எல்லை அப்படித்தான் வளைந்து வளைந்து போகும். பிறகு ஏரிக்கரை, நாற்பத்தோரு தென்னை மரம். பிறகு வாய்க்கால் கரை, ஒரு சிறு மதகு, ஒரு திருப்பம், கொட்டகை. முழங்கால் கெட்டுப்போன பிறகு இந்தத் தூரத்தை நடந்தால் நான்கு இடத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. மொபெட்டில் போனேன். வாய்க்கால் கரைச் சேற்றில் ஒரே மழைக்காலத்தில் மூன்று முறை விழுந்தேன். மூன்றாவது முறை இடது மணிக்கட்டின் மேல் விழுந்தேன்.

எலும்பு கூடிவிட்டது. நரம்பு கூடவில்லை. இடது கையில் ஐந்து விரல்களில் மூன்று சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. சட்டைப் பொத்தானைப் போடும், கழற்றாது. சோற்றுத் தட்டைப் பிடிக்கும், தண்ணீர்ச் செம்பைப் பிடிக்காது. தவளை வந்த முதல் வாரம் இந்தக் கையோடு நான் மருத்துவரிடம் போனபோது, என்ன வண்டி ஓட்டுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"கிளட்ச் பிடிக்கிற வேலையெல்லாம் இனிமே விட்டுடுங்க" என்றார்.

நான் விட்டுவிட்டேன். மருத்துவர் சொன்னதை ஓர் எழுத்துப் பிசகாமல் செய்தவன் நான். கிளட்ச் பிடிப்பதை விடச் சொன்னார், வண்டி ஓட்டுவதை விடச் சொல்லவில்லை. இதை என் மகனிடம் சொன்னபோது அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

"டாக்டரு சொன்னது அதுவாப்பா?"

"வேற இன்னாடா?"

"வண்டிய வுடச் சொன்னாருப்பா. கிளட்ச் புடிக்க முடியலன்னா வண்டி ஓட்டக் கூடாதுன்னு அர்த்தம்."

"அர்த்தம் நீ சொல்ற. வார்த்த அவுரு சொன்னது."

அவனுக்கு ஒரு யோசனை இருந்தது. கழனியைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்றான். ஏம்பலத்துப் பக்கம் ஒருவர் கேட்டிருக்கிறாராம். அவனுக்குத் திருவாண்டார்கோயில் பக்கத்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, தண்ணீர் கட்ட நேரமில்லை. நான் போக முடியாது என்றால் யார் போவது? அவன் கேள்வியில் தப்பில்லை. "நான் போக முடியாது என்றால்" என்ற இடம்தான் தப்பு.

எனக்கு இந்தக் கிளட்ச் இல்லாத வித்தை எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். நான் சர்க்கரை ஆலையில் கரும்பு எடை போடும் இடத்தில் எழுத்தராக இருந்தவன். இருபத்தேழு அரவைப் பருவம். டிராக்டர்கள் ஆலை வாசலிலிருந்து வரிசையாக நிற்கும். முன்னால் ஒன்று நகர்ந்தால் பின்னால் எல்லாம் நகரும், நிற்கும், நகரும். எண்ணும் வேலை என்னுடையது. எண்ணுகிறவனுக்குக் கண் ஒரு பக்கம் போனால் காது சும்மா இருக்கும், அந்தக் காது டிராக்டர் கியர் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு டிரைவர் கிளட்ச் போன வண்டியை, மொத்தக் கரும்போடு, ஒரு கிளட்சும் இல்லாமல் ஓட்டி வந்து எடைமேடையில் நிறுத்தினார். எப்படி என்று கேட்டேன்.

"எஞ்சின் மூச்சு வுடும் சார். ஒரு மூச்சு. அந்த மூச்சுல லேசா தள்ளுனா தானா போய் உக்காந்துக்கும். நீங்க தள்ளக் கூடாது. அது கேக்கும், நீங்க குடுக்கணும்" என்றார்.

முப்பது வருடம் கழித்து அந்த மூச்சு என் தவளையிலும் இருந்தது. வலது கட்டைவிரலால் அழுத்துகிற ஆக்சிலரேட்டர் அதற்கு. கட்டைவிரலைச் சட்டென்று எடுத்தால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிற இழுபறி ஒரு கணம் நின்றுபோகும். கியரைக் கால் விரலால் முன்னாலேயே லேசாகத் தாங்கி வைத்திருந்தால் அந்தக் கணத்தில் 'டக்' என்று மாறிவிடும். இறக்கும்போது கட்டைவிரலை எடுத்து, ஒரு துளி மட்டும் மறுபடி அழுத்தி, காலால் மிதிக்க வேண்டும். அவ்வளவுதான். இதில் மந்திரம் இல்லை, முரட்டுத்தனமும் இல்லை. கிளட்ச் பிடிப்பவன் கையால் அந்த இழுபறியை அறுக்கிறான், நான் காதால் அறுக்கிறேன்.

நின்ற வண்டியைக் கிளப்ப மட்டும் கிளட்ச் வேண்டும். அதை நான் மறுக்கவே இல்லை. கிளம்பும்போது வலது கையைக் குறுக்கே நீட்டி இடது பக்கக் கிளட்சைப் பிடிப்பேன், காலால் முதல் கியர் போடுவேன், மெல்ல விடுவேன். தவளை தானாகவே ஊர்ந்து கிளம்பும். பிறகு வலது கை தன் இடத்துக்குப் போய்விடும். நிறுத்துவதற்குக் கிளட்ச் வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் கியரிலிருந்து பாதி மிதி மிதித்தால் நியூட்ரல். போகும்போது கிளட்ச் இல்லாமல் எட்டு முறை, வரும்போது எட்டு முறை. நாளொன்றுக்குப் பதினாறு. கொட்டகைச் சுவரில் கரியால் நாளுக்கொரு கோடு போட்டு வந்தேன், ஐந்தாவது கோட்டைக் குறுக்கே போட்டு.

வண்டி வந்த இரண்டாம் வாரம் மகன் மெக்கானிக்கை வீட்டுக்கு அழைத்து வந்தான். பாகூர் போகிற ரோட்டில் கடை வைத்திருப்பவர், ஐம்பது வயதுக்காரர். தவளையைத் தார் ரோட்டில் கடை வரைக்கும் ஓட்டிப் போக முடியாது, அதற்கு நம்பர் இல்லை. அதனால் அவரே ஸ்பானர் பையோடு வந்தார். நான் தெருவில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினேன். அவர் காதைப் பொத்திக்கொண்டார். ஒரு சத்தமும் வரவில்லை, ஆனாலும் பொத்திக்கொண்டார்.

"ஐயா, இன்னா பண்றீங்க நீங்க? இதுக்கு அவன் கிளட்ச்சு வெச்சது சாமி கும்புடவா?"

"கெளம்பறதுக்கு வெச்சான்."

"கிளட்ச் இல்லாம போட்டா பல்லு கொட்டிடும் ஐயா. ஆறு மாசத்துல கியர் பொட்டி பொக்க வாயா ஆயிடும்."

மகன் அந்த நேரத்துக்குத்தான் காத்திருந்தான். "கேட்டியாப்பா? அவுரு சொல்றாரு இல்ல? சாவிய குடு."

அங்கேதான் நான் வாயைக் கொடுத்தேன். இந்த வண்டியில் எஞ்சினுக்கும் கியருக்கும் கிளட்சுக்கும் ஒரே எண்ணெய்தான். பல் உடைந்தால் இரும்புத் துண்டு அந்த எண்ணெயில்தான் விழும். இது மெக்கானிக்கே சொன்னது. நான் சொன்னேன்: "இன்னைக்குப் புது ஆயில் ஊத்து. ஆறு மாசம் நான் கிளட்ச் இல்லாம ஓட்டறேன். ஆறு மாசம் கழிச்சி ஆயில வெள்ளத் துணியில வடிகட்டு. இரும்புத் துண்டு ஒன்னே ஒன்னு வந்தாலும் சாவிய உன் கையில குடுத்துட்டு, கழனிய குத்தகைக்கு வுட நானே கையெழுத்துப் போடறேன். ஒன்னும் வரலன்னா கிளட்ச்னு இந்த வூட்ல ஒருத்தரும் பேசக் கூடாது."

"ஒன்னே ஒன்னாப்பா?" என்றான் மகன்.

"ஒன்னே ஒன்னு."

மூன்று என்று சொல்லியிருக்கலாம். ஐந்து என்றுகூடச் சொல்லியிருக்கலாம், அவன் ஒப்புக்கொண்டிருப்பான். இருபத்தேழு பருவம் எண்ணிக்கையில் வாழ்ந்தவன், எண்ணிக்கையில் போய் ஏமாந்தேன்.

சரியாக ஒன்பதாம் நாள் அது நடந்தது.

ஏரிக்கரையில் ஏழாவது தென்னை மரத்தில் நான் நான்காம் கியர் போடுவது வழக்கம். தவளையில் கியர் ஏற்றக் காலை மேலே தூக்க வேண்டும். இறக்கக் கீழே மிதிக்க வேண்டும். ஆனால் நான் ஆலைக்கு இருபத்தேழு வருடம் ஓட்டிய பைக்கில் எல்லாக் கியரும் கீழேதான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, எல்லாம் கீழே மிதி. எங்கள் பக்கத்தில் என் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் கால் அப்படித்தான் பழகியிருக்கிறது. அன்று கரையில் ஒரு எருமை நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே கட்டைவிரலை எடுத்தேன். கால் தன் பழைய பைக்குக்குப் போய்விட்டது. கீழே மிதித்தேன்.

மூன்றிலிருந்து நான்குக்குப் போக வேண்டிய வண்டி இரண்டுக்கு விழுந்தது. உள்ளே 'கடக்' என்று ஒரு சத்தம். பின் சக்கரம் இரண்டும் இழுத்துக்கொண்டு மண்ணைக் கீறின. எஞ்சின் கத்தியது. நான் கைப்பிடியில் மார்பை மோதிக்கொண்டு நின்றேன். எருமை நகரவில்லை.

எனக்கு அப்போதே தெரியும். அந்தச் சத்தம் மூச்சு இல்லை, பல். கொட்டகைக்குப் போய் வழக்கம் போல ஒரு கோடு போட்டேன். நடந்ததை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். கியர் ஏற்றும்போது "மேலே" என்று வாய்விட்டுச் சொல்வேன், இறக்கும்போது "கீழே" என்பேன். ஏரிக்கரையில் வேலை செய்கிற பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு நான் வரும்போது அவர்களே "மேலே!" என்று கத்த ஆரம்பித்தார்கள், அதுவும் ஏழாவது தென்னைக்கு இரண்டு மரம் முன்னாலேயே. அவசரக்காரர்கள். அதற்கப்புறம் என் கால் ஒரு முறைகூடத் தப்பவில்லை.

ஆனால் நிம்மதி போய்விட்டது. எண்ணெய்க்குள் ஏதோ ஒன்று கிடக்கிறது என்ற நினைப்போடு ஐந்து மாதத்துக்கு மேல் ஓட்டினேன். ஒரு நாள் பகலில், வீட்டில் யாரும் இல்லாதபோது, பதினேழாம் நம்பர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். ஆயிலை வடித்து, வடிகட்டி, திரும்ப ஊற்றிவிடலாம். முக்கால் மணி நேர வேலை. யாருக்கும் தெரியாது. ஸ்பானரை நட்டில் மாட்டியும் விட்டேன். பிறகு கழற்றிக்கொண்டு எழுந்துவிட்டேன். நல்லவன் என்பதால் இல்லை. நான் எண்ணுகிறவன். ஒன்றை எடுத்து ஒளித்துவிட்டு மிச்சத்தை எண்ணி, பார் ஒன்றும் இல்லை என்று அவர்களிடம் சொன்னால், கிளட்ச் இல்லாமல் ஓட்டலாம் என்பது அவர்களுக்கு நிரூபணம் ஆகும். எனக்கு ஆகாது.

ஆறு மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை மெக்கானிக் வந்தார். மழையாலும் காய்ச்சலாலும் போகாத நாள்களைக் கழித்து நான் கழனிக்குப் போனது நூற்று ஐம்பத்தோரு நாள். பதினாறால் பெருக்கினால் இரண்டாயிரத்து நானூற்றுப் பதினாறு. காகிதத்தில் பெரிதாக எழுதி மெக்கானிக்கிடம் காட்டினேன்.

"இன்னா ஐயா இது, கழனி பட்டா நம்பரா?"

"கிளட்ச் புடிக்காம கியர் மாத்துனது."

"சரி, உள்ள பல்லு இருக்குதா, இல்ல பல்செட்டு வெக்கணுமான்னு பாத்துடலாம்."

"எனக்கு இருவத்திமூணு பல்லு சொந்தமா இருக்குது. நீ மொதல்ல உன்னுத எண்ணிப் பாரு" என்றேன். 

மனைவி என் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து வெள்ளைத் துண்டு கொடுத்தாள். அதை ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டின் வாயில் கட்டினார்கள். மெக்கானிக் நட்டைக் கழற்றினார். கறுப்பாக எண்ணெய் இறங்கியது. சொட்டு நிற்கும் வரை காத்திருந்தோம். துணியில் கறுப்புச் சாந்து மாதிரி படிந்திருந்தது.

"இது கிளட்ச் பிளேட் தூளு" என்றார் மெக்கானிக். மகனைப் பார்த்தார். "வண்டிய நீ கூட ஓட்டுவியா?"

"ஞாயித்துக்கெழம. எரு மூட்ட ஏத்தினு போவேன்."

"பாதி கிளட்ச் புடிச்சினே போவியா?"

மகன் குனிந்து பக்கெட்டைப் பார்த்தான். எனக்கு ஒரு நிமிடம் உயிர் வந்தது. கிளட்ச் பிடிக்கத் தெரிந்தவன் கிளட்சைத் தின்றிருக்கிறான்! வாயைத் திறந்தேன். அதற்குள் மெக்கானிக் பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தைத் துணியின் மேல் மெல்ல இழுத்தார். அதன் நுனியில் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. துடைத்து உள்ளங்கையில் வைத்தார். அரை நொய்யரிசி அளவு. வெயிலில் மினுங்கியது.

மறுபடியும் காந்தத்தை இழுத்தார். நான்கு முறை இழுத்தார். வேறு எதுவும் வரவில்லை.

"ஒன்னு" என்றான் மகன். சந்தோஷமாகச் சொல்லவில்லை, அதையும் எழுத வேண்டும்.

நான் ஆணியிலிருந்து சாவியை எடுத்து வந்தேன். பேசாமல் கொடுத்துவிட்டு உள்ளே போயிருப்பேன். ஆனால் மெக்கானிக் சும்மா இருக்கவில்லை.

"நான் அன்னைக்கே சொன்னேன். கிளட்ச் புடிக்காம போட்டா இதான். எத்தினி தடவ போட்டாலும் இதான்."

அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. இரண்டாயிரத்து நானூற்றுப் பதினாறில் ஒரே ஒன்று, அதுவும் எந்த நாள், எந்த மரத்தடி என்று எனக்குத் தெரிந்த ஒன்று. இதை வைத்து மிச்சம் இரண்டாயிரத்து நானூற்றுப் பதினைந்தையும் பொய் என்கிறாரே.

"இது கிளட்சால வந்தது இல்ல. என் காலால வந்தது" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். சொன்னேன். ஒன்பதாம் நாள், ஏழாவது தென்னை, எருமை, மேலே தூக்க வேண்டிய காலைக் கீழே மிதித்தது, சத்தம், எல்லாம். "கையில கிளட்ச் புடிச்சினு மிதிச்சிருந்தாலும் இதான் ஆயிருக்கும்" என்று முடித்தேன்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "கிளட்ச் புடிச்சிருந்தா அடி கொஞ்சம் கம்மியா வுழுந்திருக்கும். ஆனா, மூணுல போற வண்டிய அந்த வேகத்துல ரெண்டுக்குத் தள்ளுனா யாரு ஓட்டுனாலும் அடிதான். அத ஒத்துக்கிறேன்."

"அப்ப கிளட்ச் மேல தப்பு இல்ல?"

"கிளட்ச் மேல இல்ல."

நான் மகன் பக்கம் திரும்பினேன். அவன் முகம் இன்னும் இருண்டிருந்தது.

"இன்னாப்பா சொல்ற நீ? கியரு எந்தப் பக்கம்னே மறந்து போயி மிதிச்சிருக்க. எருமை மேல மோதல, உன் நல்ல நேரம். இது கிளட்ச விட மோசம் இல்ல?"

மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "ஐயா கேச ஜெயிச்சிட்டு ஜெயிலுக்குப் போறாரு!"

சிரிக்கட்டும். அந்த இடத்தில் வேறு மாதிரி பேச எனக்குத் தெரியாது. கிளட்ச் இல்லாமல் ஓட்ட முடியும் என்பது மெக்கானிக் வாயாலேயே நின்றுவிட்டது. அதன் விலை என் கால். கால் தப்பியதற்கு நான் செய்த ஏற்பாட்டை, "மேலே", "கீழே" என்று கத்துவதை, அதற்குப் பிறகு நூற்று நாற்பத்திரண்டு நாள் ஒரு தப்பும் இல்லாததைச் சொன்னேன். மகன் கேட்டானா தெரியவில்லை. கையை நீட்டினான். ஒன்னே ஒன்னு என்று நான்தானே சொன்னேன். சாவியைக் கொடுத்தேன். அவன் அதைத் தன் பைக் சாவிக் கொத்தில் கோத்துக்கொண்டான்.

"குத்தகைக் காயிதம் எப்போடா?" என்று கேட்டேன்.

"இந்தப் போகம் அறுக்கட்டும்ப்பா. அப்புறம் பேசிக்கலாம்" என்றான். என்னைப் பார்க்காமல் சொன்னான்.

மெக்கானிக் புது எண்ணெய் ஊற்றி, ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்து, அந்தத் துண்டு ஓரத்தில் தெறித்ததுதான், கியர் எல்லாம் நிற்கிறது, ஓட்டலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். யார் ஓட்டலாம் என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை மகனுக்குக் காலை ஷிப்ட். இருட்டு விலகும் முன்பே பைக்கில் போய்விட்டான். தவளையின் சாவி அவன் கொத்தில் இருந்தது. எனக்கு நட்டுப் பதினோரு நாள் ஆன பயிர் இருந்தது. மோட்டாருக்கு மின்சாரம் ஆறு மணிக்கு வரும், ஒன்பதுக்குப் போய்விடும். நடவுக் கழனியில் தண்ணீர் சனிக்கிழமையே வற்ற ஆரம்பித்திருந்தது. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு தடியை எடுத்தேன்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

"கழனிக்கி. நடந்துதான்."

"நாலு எடத்துல ஒக்காந்து ஒக்காந்து போவீங்க. நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள கரண்ட்டு பூடும்."

"போனா போவட்டும். நான் நடப்பேன்."

"நடங்க. யாரு வேணான்னா?" என்று உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. இந்த வீட்டில் பீரோ கதவு ஒன்றுதான் அப்படிக் கிறீச்சிடும். திரும்பி வந்தாள். ஒரு கையில் தண்ணீர் பாட்டில், இன்னொரு கையில் சிவப்பு நூல் கட்டிய சாவி.

நான் அதைப் பார்த்தேன். வண்டியோடு வந்தது இரண்டு என்பதை எண்ணுகிற நானே மறந்திருந்தேன்.

"சாவிய குடுத்துடறேன்னு சொன்னேன். வார்த்த" என்றேன்.

"குடுத்துட்டீங்க இல்ல? நானும்தான் பாத்தினு இருந்தேன். ஒரு சாவி கேட்டான், ஒரு சாவி குடுத்தீங்க. இது ஏங்கிட்ட இருந்த சாவி. நான் யாருக்கும் வார்த்த குடுக்கல." பாட்டிலைத் தவளையின் முன்கூடையில் வைத்தாள். "அவன் பெத்த புள்ளதான. வந்து கேக்கட்டும், நான் சொல்லிக்கிறேன். பயிரு இன்னா பாவம் பண்ணிச்சி?"

வலது கையைக் குறுக்கே நீட்டிக் கிளட்சைப் பிடித்தேன். முதல் கியர். மெல்ல விட்டேன். தவளை ஊர்ந்தது. தெரு முனையில் இரண்டு. தார் ரோட்டில் இரு பக்கமும் பார்த்துப் பதினான்கு எட்டைத் தாண்டினேன். கரை ஏறியதும் மூன்று. ஏழாவது தென்னையில் கட்டைவிரலை எடுத்து "மேலே" என்று கத்தினேன். களை எடுக்கப் போய்க்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "தாத்தாவுக்கு இன்னிக்கி இன்னா இத்தினி சத்தம்?" என்று கேட்டது காதில் விழுந்தது. நான்காம் கியர் ஒரு முனகல் இல்லாமல் போய் உட்கார்ந்தது. ஆறு மணிக்கு நான்கு நிமிடம் முன்னால் கொட்டகையில் இருந்தேன். ஒன்பது வரை தண்ணீர் கட்டினேன். பழைய கோடுகளுக்குக் கீழே, கொஞ்சம் இடம் விட்டு, புதிதாக ஒரு கோடு போட்டேன்.

மாலையில் மகன் வந்தான். பைக்கை நிறுத்திவிட்டு நேராகத் தவளையிடம் போனான். குனிந்து டயரைப் பார்த்தான். ஈரச் சேறு காய்ந்தும் காயாமலும் இருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளைப் படித்தேன். ஒரே பத்தியை மூன்று முறை படித்தேன்.

"எத்தினி சாவிப்பா இருக்குது?" என்றான்.

"ரெண்டு."

"மூணாவது எதுனா இருக்குதா?"

"எண்ணிப் பாத்துட்டேன். இல்ல."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. என் மனைவி காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அவன் அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்தான். பிறகு என் இடது கையைப் பார்த்தான். செய்தித்தாளின் அந்தப் பக்கம் சரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதை மறைக்கவில்லை. இதுதான் என் கை, இப்படித்தான் இருக்கும்.

"தண்ணி ஏறிச்சா?"

"மேல் மடை ஏறிடுச்சி. கீழ் மடைக்கு நாளைக்குக் கட்டணும்."

"அந்த ஏம்பலத்தாரு இன்னைக்கிப் போன் பண்ணாரு."

நான் செய்தித்தாளை மடித்தேன். இடது கை ஒத்துழைக்காததால் கோணலாக மடிந்தது. "இன்னா சொன்ன?"

"அறுப்பு ஆவட்டும்னு சொன்னேன்." கொத்திலிருந்து தவளையின் சாவியைக் கழற்ற முயன்றான். வளையம் இறுக்கமாக இருந்தது, நகத்தால் நெம்பினான். கழன்றதும் எடுத்துப் போய் வாசல் ஆணியில் மாட்டினான். அவன் வீட்டுக்குள் போகும்போது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னான்:

"கிளட்ச மட்டும் புடிச்சிடுப்பா."

"புடிக்கிறேன்டா" என்றேன். "கெளம்பும்போது ஒரு தடவ."